ஆடி மாதத்தில் சவர்த்த கிணறு: ஓர் ஓலைக்கொட்டில் விடுதியின் பத்து நாட்கள்

பின்னணி

வடமராட்சி கிழக்கின் மணற்கரையில், கடலிலிருந்து ஏறத்தாழ 150 மீற்றர் உள்ளே, ஒரு தம்பதியினர் சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறார்கள். பனையோலை வேய்ந்த நான்கு கொட்டில்கள், திறந்த கூடம் ஒன்று, தகரக் கூரை போட்ட குசினி, 14 பேர் படுக்க இடம். குளிரூட்டி இல்லை. தென்மேற்குச் சோளகக் காற்று வீசும் மாதங்களில் கொட்டிலுக்கு அது தேவையும் இல்லை. காலையில் கரைவலை இழுப்பதைப் பார்ப்பது, வெயில் ஏறினால் ஓலை நிழலில் பாயில் படுப்பது, பின்னேரம் கடல், இரவில் கூழ் அல்லது புட்டு. வருகிறவர்கள் இதற்காகவே வருகிறார்கள். ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம் என்பதுதான் இந்த இடத்தின் பெறுமதி.

அந்தச் சுகம் தண்ணீரில் நிற்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு விடுவதும் நிலத்தடி நீர்தான். மணற்கரைகளில் அந்த நீர் மழையால் ஊறி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் கண்ணாடி வில்லை போல மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நின்றால், கீழே ஏறத்தாழ 40 பங்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 15 சென்ரிமீற்றர் என்றால் கீழே 6 மீற்றர். கரையோரத்தில் இரண்டு நீரும் கலந்த ஒரு வலயம் இருப்பதால் உண்மையில் கிடைப்பது அதிலும் குறைவு. இதே கணக்கு மறுபக்கமும் ஓடும். மேலே 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், கீழிருந்து உப்பு 4 மீற்றர் வரை ஏற இடமுண்டு.

வாடை மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. தை மாதத்தில் வில்லை தடித்து நிற்கும். அதற்குப் பிறகு இடையில் விழும் சிறுமழையைத் தவிர வரவு இல்லை, செலவு மட்டும்தான். ஆடி, ஆவணியில் அது மெலிந்து விடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளின் விடுமுறைக்கு வருபவர்களும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்காக வருபவர்களும் வந்து இறங்குவது சரியாக அந்த இரண்டு மாதங்களில். கரையோரத்தில் விடுதி நடத்துபவர் எவரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

விடுதியின் நீர் ஏற்பாடு

கொங்கிறீற் வளையம் இறக்கிய கிணறு ஒன்று. விட்டம் 1.5 மீற்றர், ஆழம் 3.2 மீற்றர். நிகழ்வு நடந்த ஆடியில் நீர் 2.1 மீற்றரில் நின்றது, அதாவது கிணற்றுக்குள் 1.1 மீற்றர் நீர். அரைக் குதிரைவலு மோட்டர், 1,000 லீற்றர் தாங்கி. உறிஞ்சும் குழாயின் அடிவால்வு கிணற்றின் தரையிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் தொங்கியது. மோட்டர் பூட்டியவர் வழக்கமாகச் செய்வது அது. வால்வு காற்றை இழுக்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய கவலை.

தாங்கி நிறைய அரை மணி நேரம் எடுத்தது. இந்த அளவுக் கிணற்றில் 10 சென்ரிமீற்றர் நீர் என்பது 175 லீற்றர் வரும். ஊற்று சுரந்துகொண்டிருந்தும், ஒருமுறை தாங்கி நிறைக்கும்போது மட்டம் 35 சென்ரிமீற்றர் இறங்கியது பின்னர் அளந்தபோது தெரிந்தது. கோடைக் கடைசியில் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அளவே நிற்கும் நீரில் 35 சென்ரிமீற்றர் இறக்கினால், கிணறு கடலைவிடத் தாழ்ந்து விடும்.

நீரின் மின்கடத்துதிறன் அளக்கும் கைக்கருவி ஒன்று விடுதியில் இருந்தது; நீரில் உப்புக் கூடினால் அது காட்டும் எண்ணும் கூடும். தையில் 620, வைகாசியில் 790 மைக்ரோசீமன்ஸ் என்று குறிப்பு இருக்கிறது. ஆனியில் வேலை அதிகம் என்று அளக்கப்படவில்லை.

கவனிக்கப்பட்டவை

வெளிநாட்டிலிருந்து இரண்டு குடும்பங்கள், எட்டுப் பேர், அவர்களில் ஒருவர் எழுபது கடந்த பாட்டி. கொழும்பிலிருந்து நான்கு நண்பர்கள். பன்னிரண்டு பேருக்கும் பத்து நாள் தங்கல். வீட்டார் மூன்று பேரையும் சேர்த்தால் 15.

மூன்றாம் நாள் இரவு ஒடியற்கூழ். நண்டும் மீனும் பயற்றங்காயும் பழப்புளியும் போட்ட கூழில் தண்ணீரின் ருசி எவருக்கும் தெரியவில்லை. நாலாம் நாள் காலை வெறும் தேத்தண்ணி வாய்க்கு வந்ததும் பாட்டி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“பிள்ளை, இந்தத் தண்ணி சவர்க்குது.”

“இல்லை அம்மா, தாங்கி கழுவிக் கனநாள். அதாத்தான் இருக்கும்.”

பாட்டி சொன்னதே சரி, தண்ணீரில் உப்பு ஏறியிருந்தது. பிறகு யோசித்தபோது வேறு அறிகுறிகளும் முன்பே இருந்தது தெரிந்தது. இரண்டு நாளாகச் சவர்க்காரம் நுரைக்கவில்லை. குளித்த பின்னும் தலைமயிர் பிசுபிசுத்தது. கடலில் குளித்ததால்தான் என்று எல்லோரும் எண்ணினார்கள். வாளியின் உள்விளிம்பில் வெள்ளைப் படிவு. கிணற்றடி வாழையில் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகியிருந்தது. வாழை உப்பை மற்றப் பயிர்களுக்கு முன்னமே காட்டிவிடும். வெயில் சூடு என்று தள்ளிவிடாமல், ஓரம் மட்டும் கோடு போட்டதுபோலக் கருகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நிலைமையைக் கெடுத்த அரை நாள்

பிழை தாங்கியில் என்று எண்ணியதால், தாங்கியைத் திறந்து விட்டுக் கழுவி மீண்டும் நிறைத்தார்கள். 1,000 லீற்றர் வீணாகி, இன்னொரு 1,000 லீற்றர் ஒரே மூச்சில் ஏறியது. நண்பகலில் குழாய் நீரை அளந்தபோது 2,250 காட்டியது.

குடிநீரைக் கொதிக்க வைத்தும் பார்த்தார்கள். கொதிப்பது கிருமிக்கு மருந்து. உப்பு அப்படியே இருக்கும், ஆவி போன அளவுக்குச் செறிவு கூடவும் செய்யும்.

மூன்றாவதாக, கிணறு இறைப்பவரை அழைத்து முழுக்க இறைத்து, அடியைத் தோண்டி இன்னொரு வளையம் இறக்கலாம் என்ற யோசனை வந்தது. இது நடக்கவில்லை, நல்லவேளை. பக்கத்துக் காணியில் இருக்கும் வயதான கடற்றொழிலாளர் ஒருவர் தடுத்தார். “தம்பி, உந்தக் கிணத்தைக் கலக்காதை. மேல்தண்ணியை வாளியாலை அள்ளு, அடியை விடு.” அவருடைய அனுபவமும் கணக்கும் ஒரே இடத்தில் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, சில இடங்களில் உப்பு குறைவதற்குப் பதில் கூடியது. ஆழமாக்குவதும் உப்பு இருக்கும் பக்கத்துக்குக் குழாயை அனுப்புவதுதான்.

மேலும் கீழும் அளந்தது

நாலாம் நாள் நண்பகல் மோட்டரின் ஆளியை நிறுத்தி, எவரும் தவறிப் போடாதபடி அதன் வயரையும் கழற்றினார்கள். கிணறு 12 மணித்தியாலம் அசையாமல் விடப்பட்டது. நள்ளிரவில் இரண்டு மாதிரி எடுத்தார்கள்.

இதற்குச் சோடாப் போத்தல் ஒன்று போதும். கழுத்தில் ஒரு கயிறு, அடியில் கல் ஒன்று, வாயில் தளர்வாகச் செருகிய தக்கை, தக்கைக்குத் தனியாக ஒரு மெல்லிய நூல். போத்தலை மெதுவாக அடி வரை இறக்கி, தளம்பல் அடங்கும் வரை பொறுத்து, நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அடிநீர் மட்டும் உள்ளே போகும். குமிழி நின்றதும் தூக்கலாம். வாய் குறுகியதால் மேலே வரும் வழியில் கலப்பது மிகச் சிறிதளவே.

மேல்நீர் 1,460. அடிநீர் 2,900. ஒரு மீற்றர் சொச்ச ஆழத்துக்குள் இரண்டு மடங்கு வித்தியாசம். மோட்டர் இவ்வளவு நாளும் உறிஞ்சியது அந்த அடிநீரை.

எவ்வளவு சிறிய கலப்பு இதைச் செய்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடல்நீரில் லீற்றருக்கு 19 கிராமுக்கு மேல் குளோரைட்டு இருக்கிறது. நூறு வாளி நன்னீரில் இரண்டு வாளி கடல்நீர் சேர்ந்தாலே, குடிநீருக்குச் சொல்லப்படும் 250 மில்லிகிராம் எல்லை தாண்டிவிடும். நாக்கும் ஏறத்தாழ அந்த அளவிலேயே பிடிக்கத் தொடங்குகிறது.

தண்ணீர் எங்கே போனது

முடிவெடுப்பதற்கு முன் செலவைக் கணக்கிட்டார்கள். குளியலறைக் குழாய் நிமிடத்துக்கு 8 லீற்றர். ஆளுக்கு நாளில் இரண்டு குளிப்பு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் என்றால் 15 பேருக்கு 1,200. தொட்டி வைத்த மலசலகூடம் ஒருமுறை இழுத்தால் 9 லீற்றர். ஆளுக்கு ஐந்து முறை வைத்தால் 675. குசினி 150, துணி 150, மரங்களுக்கு 200. மொத்தம் 2,375 லீற்றர். தாங்கி நாளுக்கு இரண்டு தடவை நிறைந்து, மூன்றாம் தடவை அரைவாசி நிறைந்ததோடு இது பொருந்தியது.

பாதிக்கு மேல் குளிப்பு. அதிலும் பெரும்பங்கு, கடலில் குளித்துவிட்டு வந்து காலிலும் துவாயிலும் ஒட்டிய மணலைக் கழுவுவதற்கு. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போவது மிகக் குறைவு என்பது நடத்துபவர்களுக்கு அன்றுதான் கண்ணில் பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஐந்தாம் நாள் காலை, நடந்ததை ஒளிக்காமல் எல்லோருக்கும் சொன்னார்கள். அளவீடுகளைக் காட்டி, மீதி நாட்களுக்கு வாளிக் குளிப்புத்தான் என்றும், விருப்பமில்லாதவர்களுக்கு மீதிக் காசு திருப்பித் தரப்படும் என்றும் சொன்னார்கள். இரண்டு பேர் பட்டணத்துக்குப் போனார்கள். பத்துப் பேர் நின்றார்கள். ஒளித்திருந்தால் இந்தப் பத்துப் பேரின் ஒத்துழைப்புக் கிடைத்திருக்காது. அவர்கள் குழாயைத் திறக்காமல் இருப்பதில்தான் மற்ற எல்லாம் தங்கியிருந்தது.

குடிக்கவும் சமைக்கவும் பவுசரில், அதாவது தண்ணீர் லொறியில், 1,000 லீற்றர் தண்ணீர் இறக்கப்பட்டது. 13 பேருக்கு நாளுக்கு 150 லீற்றர் கணக்கில் மீதி ஆறு நாளுக்கும் அது போதுமாக இருந்தது. தாங்கியை முழுக்க வடித்துக் காய வைத்த பிறகே இதை ஊற்றினார்கள். குளியலறைக்குப் போகும் குழாயை அடைத்து, குசினிக் குழாயை மட்டும் திறந்து வைத்தார்கள்.

குளிப்பு கிணற்றடிக்கு வந்தது. ஓலை மறைப்புக் கட்டி, காலையில் ஆளுக்கு 9 லீற்றர் வாளி இரண்டு, பின்னேரம் கடலுக்குப் போய் வந்தால் ஒன்று. வாளியைக் கிணற்றில் எறியக் கூடாது. எறிந்தால் அமிழ்ந்து அடியைக் கலக்கும். சரித்து இறக்கி, மேற்பரப்பில் ஒரு சாணுக்குள் அள்ள வேண்டும். கயிற்றில் சிவப்புத் துணி கட்டி எல்லையைக் காட்டினார்கள். துணி கப்பியைத் தொட்டால் வாளி போதிய ஆழம் போய்விட்டது. பாட்டிக்கும் சிறுபிள்ளைகளுக்கும் வீட்டாரே அள்ளி ஊற்றினார்கள், இருக்க ஒரு பலகையும் போட்டார்கள்.

குளித்த நீர் வழக்கமாக வாய்க்காலால் வாழைக்கு ஓடும். அந்த வாய்க்காலில் அரைப் பீப்பாய் ஒன்றைப் புதைத்து நீரைப் பிடித்து, மலசலகூடத்துக்கு அதையே எடுத்தார்கள். ஊற்றிக் கழுவினால் 3 லீற்றர் போதும். 13 பேருக்கு 195 லீற்றர். பிடிபட்டது அதைவிட அதிகம். கிணற்றில் நல்ல நீரை எடுத்து மலத்தில் ஊற்றும் வேலை அத்தோடு நின்றது.

மணலுக்கு எளிய வழி ஒன்று. கடற்பக்கப் படலையடியில் ஒரு பீப்பாய் கடல்நீரும் செம்பும். கால், செருப்பு, பந்து எல்லாம் அங்கேயே கழுவ வேண்டும். பீப்பாய் கிணற்றுப் பக்கம் வரக் கூடாது. சிந்துகிற ஒவ்வொரு செம்பும் மணலுக்குள் இறங்கும். படுக்கை விரிப்புகள் பட்டணத்துக்குச் சலவைக்குப் போயின.

கிணற்றில் இருந்து எடுத்தது நாளுக்கு ஏறத்தாழ 430 லீற்றராக வந்து நின்றது. முன்பு எடுத்ததில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழ்.

மீதி நாட்கள்

தங்கலின் தன்மை மாறியது. குளிப்பு காலையில் கிணற்றடியில் ஒருவர் பின் ஒருவராக, அவசரமில்லாமல் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் வாளி அள்ளுவதை ஒரு வேலையாக ஏற்றுக்கொண்டார்கள். ஏழாம் நாள் மேல்நீர் 1,330, பத்தாம் நாள் 1,240. ருசி முழுக்கப் போகவில்லை, சவர்க்காரம் மட்டும் ஓரளவு நுரைத்தது.

ஏறியது மூன்று நாளில், இறங்கியதோ மாதக்கணக்கில். ஆவணிக் கடைசியில் 1,180. கலந்துவிட்ட நீர் தானாகப் பிரியாது. மேலிருந்து மழைநீர் வந்து தள்ள வேண்டும். வாடை மழைக்குப் பின், தையில் 650க்கு வந்தது.

இன்னொன்றையும் பதிய வேண்டும். அறுபது மீற்றர் உள்ளே இருக்கும் கடற்றொழிலாளர் குடும்பத்தின் கிணற்று நீரிலும் அதே கிழமை ருசி மாறியது. ஐந்தாம் நாள் அங்கே 1,150. முந்தைய அளவீடு இல்லாததால் விடுதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வழியில்லை. ஆனால் இரண்டு கிணறும் ஒரே வில்லையில் நிற்கின்றன. விருந்தினருக்குப் பவுசர் வரும். அந்தக் குடும்பத்துக்கு எவரும் பவுசர் அனுப்புவதில்லை. ஒருவர் ஓய்வெடுக்க வந்து குளிக்கும் நீர் இன்னொருவரின் அன்றாடக் குடிநீர் என்பதால், இது விடுதிக்குள் முடிகிற விடயமாகாது.

மாற்றியவை

அடுத்த கோடைக்கு முன் மோட்டர் கழற்றப்பட்டு, நிமிடத்துக்கு 5 லீற்றர் இழுக்கும் சிறிய சோலர் பம் பூட்டப்பட்டது. உறிஞ்சும் வாயை ஒரு வெறும் பிளாஸ்ரிக் கலனில் கட்டி மிதக்க விட்டார்கள்; மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அது நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாணிலேயே நிற்கும். 20 நிமிடம் ஓட்டம், 40 நிமிடம் ஓய்வு. மணிக்கு 100 லீற்றர், ஐந்து மணித்தியாலத்தில் 500. ஒரு ஓட்டத்தில் மட்டம் 4 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கவில்லை. கலனைத் தளர்வாகக் கட்ட வேண்டும், இறுக்கிக் கட்டினால் வளையத்தில் சிக்கி வாய் வெளியே வந்து பம் காற்றில் ஓடிக் கருகும். முதல் மாதத்தில் ஒருமுறை அப்படிச் சிக்கியது.

குசினியின் தகரக் கூரை 40 சதுர மீற்றர். பீலி பூட்டி 5,000 லீற்றர் தாங்கிக்கு இணைத்தார்கள். கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலும் 160 மில்லிமீற்றர் மழையில் தாங்கி நிறையும். வாடை மழையில் அது பெரிய காரியமில்லை. ஆளுக்கு 5 லீற்றர் என்று 12 பேருக்குக் குடிக்க மட்டும் கொடுத்தால் 83 நாள் வரும். ஆகவே தையிலேயே திறக்காமல் ஆடி, ஆவணிக்குப் பூட்டி வைக்க வேண்டும். முதல் மழையை வெளியே விடுவதும், வெளிச்சம் புகாமல் மூடுவதும், ஒவ்வொரு வாய்க்கும் நுளம்பு வலை கட்டுவதும் கட்டாயம். டெங்கு உள்ள ஊரில் திறந்த தாங்கி வைக்கக் கூடாது. ஓலைக் கூரையின் நீர் குடிக்க உதவாது, நிறமும் மணமும் இறங்கும்.

ஆடி, ஆவணியில் ஒரே நேரத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்பதில்லை. பங்குனி தொடக்கம் வெள்ளிக்கிழமை தோறும் தங்கள் கிணற்றையும் பக்கத்துக் கிணறுகள் இரண்டையும் அளந்து கூடத்துச் சுவரில் எழுதுகிறார்கள். 1,000 தாண்டினால் குளிப்பு வாளிக்கு மாறும். அடுத்த ஆடியில் அதிகூடிய அளவீடு 900.

இன்னும் தீராதது

நீரை அளக்கத் தொடங்கியபோதுதான் மலசலகூடக் குழிகளும் கவனத்துக்கு வந்தன. இரண்டும் கிணற்றிலிருந்து 12 மீற்றர். 30 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். குழியின் அடி, நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலே நிற்க வேண்டும். இங்கே ஆடியிலேயே அரை மீற்றர்தான், மாரியில் நீர் குழிக்குள் வந்துவிடும். உப்பை நாக்கு காட்டும், இதை நாக்கு காட்டாது.

ஒன்றுக்குப் பதிலாக நிலத்துக்கு மேல் எழுப்பிய இரட்டை அறை உலர் மலசலகூடம் கட்டப்பட்டது. சிறுநீர் தனிக் குழாயால் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு பேணி அடுப்புச் சாம்பல் தூவ வேண்டும். ஓர் அறை நிறைந்ததும் அதை மூடி, மற்றதைப் பாவிக்க வேண்டும்; மூடியதை ஒரு வருடத்துக்குத் திறப்பதில்லை. விருந்தினர் தண்ணீரால் கழுவும் பழக்கமுள்ளவர்கள் என்பதால், கழுவும் இடம் அறைக்கு வெளியே, பக்கத்தில் தனி வடிகாலோடு வைக்கப்பட்டிருக்கிறது. முதல் வடிவத்தில் அது இல்லை. அறைக்குள் நீர் விழுந்து சாம்பல் சேறாகி மணத்தது.

மற்றக் குழி இன்னும் பாவனையில் இருக்கிறது. இந்த மாரிக்கு முன் அதை மூடுவதாக இருக்கிறார்கள். அதுவரை கிணற்று நீரை எவருக்கும் குடிக்கக் கொடுப்பதில்லை.